சொல்லாமல் விட்ட ஆடு

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் வந்து லெட்சுமணன் வீடு எது என்று கேட்டால், "எந்த லெட்சுமணன்?" என்பார்கள். ஆட்டுக்கார லெட்சுமணன் என்று சொன்னால்தான் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் கை நீளும். ஐம்பத்து மூன்று வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இருபது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பேச்சில் நயம் கிடையாது. "சாப்பிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டால்கூட, "ஏன், நீ போடப் போறியா?" என்று திருப்பிக் கேட்கிற ரகம். அப்படிப்பட்ட மனிதரின் பேச்சை ஜொகூர் முழுக்க இருநூற்றுச் சொச்சம் பேர் காசு கொடுத்து வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை.

அது தொடங்கியது அவர் மனைவி யோகேஸ்வரியின் எரிச்சலில். யோகேஸ்வரிக்குக் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்காரர் ஒரு கையில் புல்லுக்கட்டும் மறு கையில் போனுமாக நிற்பார். ஆடு வளர்க்க ஆசைப்பட்டவன், ஆடு வாங்கி ஏமாந்தவன், ஆட்டுக்கு வயிறு ஊதிப் பதறுகிறவன் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"வாய் வலிக்கலையா உங்களுக்கு?" என்றாள் ஒருநாள். "ஒரே கதைய நாப்பது பேருக்கு நாப்பது தடவ சொல்றீங்க. ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணி வித்தா என்ன?"

"பேச்சுக்குக் காசா? ஆறாங்கிளாஸ்காரன் பேச்சுக்கு எவன் குடுப்பான்?"

"படிச்சவன் பேச்சக் கேட்டுத்தான் பாதிப் பேரு ஆட்டச் சாகடிச்சுட்டு உங்களுக்குப் போன் பண்றான் லா."

அந்தப் பேச்சு அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஆட்டுக் கொட்டாயில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நல்ல ஆட்டைப் பற்றிச் சொல்ல வாயில் ஒன்றும் வரவில்லை. செத்த ஆடு ஒன்று நினைவுக்கு வந்தது. கருப்பி. விடியற்காலைப் பனியோடு இளம்புல்லைத் தின்னவிட்டார். மத்தியானத்துக்குள் வயிறு பறை மாதிரி ஊதி, காலை உதைத்துக்கொண்டு செத்தது. அதைச் சொன்னார். ஏன் செத்தது, முன்கூட்டியே எதைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பதினாறு நிமிடம். அதுதான் முதல் பதிவு.

இரண்டாவது, மருந்தடித்த களையைத் தின்ற கிடாய். மூன்றாவது, குட்டி போட்ட களைப்பில் எழுந்திருக்காமலே போன சிவப்பி. இப்படியே பதினொன்று. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சாவு. மொத்தத்துக்கும் 'பதினோரு சாவு' என்று பெயர் வைத்தார்.

"அலமாக்! பேரக் கேட்டாலே ஓடிருவானுங்க," என்று யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அவளே 'லெட்சுமணன் ஆட்டுப் பாடம்' என்று மாற்றினாள். பதிவுகளைக் கேட்டு, இடையில் வந்த லோரிச் சத்தத்தையும் கெட்ட வார்த்தைகளையும் வெட்டி, எண் போட்டு, முப்பது மலேசிய வெள்ளி அனுப்பியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாள்.

முதல் மாதம் ஒன்பது பேர் வாங்கினார்கள். அப்புறம் வாய்வழியாகவே பரவியது. மெர்சிங்கிலிருந்து காளிதாஸ் என்றொருவர் கூப்பிட்டார். படகுத்துறையில் வேலை பார்க்கிறவர். "அண்ணே, நீங்க அஞ்சாவது பாட்டுல..." என்று தொடங்கினார். பாட்டா? லெட்சுமணனுக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாண்ணே, காரு ஓட்டறப்ப பாட்டு மாதிரி போட்டு விட்ருவேன். என் பொண்டாட்டிக்கு மனப்பாடமே ஆயிருச்சு. நீங்க 'முண்டம்'னு ஒருத்தன திட்டுவீங்கல்ல, அந்த எடம் வந்தா அவளும் சேந்து திட்டுவா."

லெட்சுமணன் போனை வைத்தார். மெர்சிங்குக்கு அவர் வாழ்நாளில் இரண்டு தடவைதான் போயிருக்கிறார். அவர் குரலோ அங்கே தினம் காரில் போய்க்கொண்டிருக்கிறது. மனுஷன் ஒரு இடத்தில், பேச்சு வேறொரு இடத்தில். இது என்ன அதிசயம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

எல்லாரையும்விட அவரை மலைக்க வைத்தவர் சுபத்திரா. பத்து பாகாட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர் குடும்பம். தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் ஆடு வளர்க்க ஆசை. தாமோ முட்டைகூடச் சாப்பிடாதவர். பால் ஆடுதான் வளர்ப்பேன் என்று பதினான்கு உருப்படி வாங்கியிருந்தார். பாடம் வாங்கி மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"மிஸ்டர் லெட்சுமணன், மூண்டாம் பதிவில ஏழாம் நிமிசத்தில, தண்ணியில கொஞ்சம் வெல்லம் போடோணும் எண்டு சொல்றீங்கள். கொஞ்சம் எண்டா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான் மேடம்."

"நான் அதை எப்பிடி எழுதுறது?"

"எழுதறீங்களா? எதுக்கு?"

"நீங்கள் சொன்ன எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சிருக்கிறன். தொண்ணூத்தாறு பக்கம் வந்திருக்கு. கோடு போட்டு, தலைப்புப் போட்டு. கொஞ்சம் எண்ட இடத்தில மட்டும் இடம் விட்டிருக்கிறன்."

தொண்ணூற்றாறு பக்கம்! பள்ளிக்கூடத்தில் நாற்பது பக்கக் கொப்பியை முடிக்காத மனிதர் அவர். அடுக்களைக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் எடுக்கிற மாதிரி வெல்லத்தை அள்ளி யோகேஸ்வரியின் பலகாரத் தராசில் வைத்தார். நாற்பது கிராம். அதைக் கொட்டிவிட்டு மறுபடி அள்ளினார். நாற்பத்தொன்று. மூன்றாம் தடவை மறுபடி நாற்பது. தராசையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கைக்கு யார் இவ்வளவு சொல்லிக் கொடுத்தது? வாத்தியார் பிரம்பால் அடித்த அதே கைதான்.

"நாப்பது கிராமுன்னு எழுதிக்குங்க மேடம்," என்றார் சுபத்திராவிடம். குரலில் அன்று கரடுமுரடு இல்லை.

வாங்குகிறவர்களிடம் லெட்சுமணன் ஒரு வார்த்தையைப் பெருமையாகச் சொல்வதுண்டு. "என் கொட்டாயில ஆடு எப்படியெல்லாம் செத்துச்சோ அத்தனையும் சொல்லிட்டேன். ஒண்ண மறைக்கல."

அது பொய். ஒன்றை மறைத்திருந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், குலை ஏற்றும்போது லோரி மேலிருந்து தலைகுப்புற விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் நினைவில்லை. பிழைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். யோகேஸ்வரி தோட்டத்து முனியாண்டி கோயிலில் போய் விழுந்து, புருஷன் கண் முழித்தால் கிடாய் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் கண் முழித்தார். அவர் வீடு திரும்பியதும் அவள் ஒரு கருப்புக் கிடாயை வாங்கி வந்து, திருவிழா வரைக்கும் இருக்கட்டும் என்று கொட்டாயில் விட்டாள்.

புது ஆடு எது வந்தாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டுவது லெட்சுமணன் வழக்கம். இதை மட்டும் கட்டவில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைத் தள்ளிக் கட்டினால் சாமியையே தள்ளி வைத்த மாதிரி என்பது அங்கே எல்லாரும் சொல்வது. ஊசியும் போடக் கூடாது. ஊசி குத்திய உடம்பு சாமிக்கு ஆகாது. கிடாய் இருமியது. பார்த்தும் விட்டுவிட்டார். பத்தொன்பது நாளில் அவருடைய நாற்பத்திரண்டு ஆடுகளில் முப்பத்தொன்று நுரையீரல் நோயில் செத்தன. கிடாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மிருக வைத்தியர் வந்து செத்த ஆட்டை அறுத்துப் பார்த்துவிட்டு, "புதுசாக வந்த ஆடுதான் நோயைக் கொண்டு வந்திருக்கிறது," என்றார். யோகேஸ்வரி அப்போது வேலையில் இருந்தாள். லெட்சுமணன் அவளிடம் மழைக் குளிரில் செத்தது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் கறி தின்னவே இல்லை.

வேறு என்ன சொல்வது? என் உயிருக்காக நீ கொண்டு வந்த ஆடுதான் நம் கொட்டாயைக் காலி பண்ணியது என்றா? அவர் யாரையும் எதையும் சொல்லிவிடுவார். இதை அவளிடம் சொல்ல ஐந்து வருடமாக நாக்கு எழவில்லை. பதிவிலும் சொல்லவில்லை. எல்லாப் பதிவையும் முதலில் கேட்கிறவள் அவள்தானே.

அப்படியிருக்கையில் ஒரு வியாழக்கிழமைக் காலை சுபத்திராவிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"மிஸ்டர் லெட்சுமணன், பக்கத்துத் தோட்டத்தில தங்கராஜு எண்டு ஒருத்தர் இருக்கிறார். நல்ல மனுசன், எனக்கு வேலி அடிச்சுத் தந்தவர். கோயிலுக்கு நேந்த கிடாய் ஒண்டு வாங்கியிருக்கிறாராம். ஐஞ்சு வாரத்துக்கு என்ர ஆடுகளோட நிக்கட்டும் எண்டு கேக்கிறார். தனியாக் கட்டக் கூடாதாம், ஊசி போடக் கூடாதாம். உங்கட பதிவுகளைத் திருப்பிக் கேட்டுப் பாத்தன். இதைப் பற்றி ஒண்டும் இல்லை. நாளைக்குக் காலமை கொண்டு வருகினம். நீங்கள் சொல்றபடி செய்யிறன்."

லெட்சுமணனுக்குச் சுபத்திராவின் கொப்பி நினைவுக்கு வந்தது. தான் சொன்னதையெல்லாம் கோடு போட்டு எழுதி அப்படியே செய்கிற மனுஷி. சொல்லாமல் விட்ட ஒற்றைக் கதவு வழியாக அந்தக் கிடாய் நேராக நடந்து வருகிறதே!

உடனே கூப்பிட்டார். "தனியாக் கட்டுங்க மேடம். மூணு வாரம்."

"ஓம், கட்டுறன். ஏன்?"

"ஏன்னா... கட்டுங்க. அவ்வளவுதான்."

"இல்லை மிஸ்டர் லெட்சுமணன். பதினொரு பதிவிலயும் ஒவ்வொண்டுக்கும் ஏன் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். அதாலதான் நான் நம்பினனான். இப்ப தங்கராஜுவிட்ட நான் என்ன சொல்லுறது? மச்சம் மாமிசம் சாப்பிடாத பொம்பிளை, எங்கட சாமிய ஒதுக்கிறா எண்டுதானே நினைப்பார்? காரணம் இல்லாமல் நான் அந்த மனுசன்ர முகத்தில அடிக்க மாட்டன். கேட்டபடி விட்டிடுவன்."

"மேடம், விட்றாதீங்க."

"அப்ப சொல்லுங்கோ."

"சாயந்திரம் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

கொட்டாயில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அழித்தார். நாலாம் தடவை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஆடு வந்த நாள், இருமல், கட்டாமல் விட்டது, முப்பத்தொரு சாவு, வைத்தியர் சொன்னது, பெண்டாட்டியிடம் பொய் சொன்னது. ஒன்பது நிமிடம். அதை நேராகச் சுபத்திராவுக்கு அனுப்பியிருக்கலாம். விரல் போனது. ஆனால் யோகேஸ்வரியின் வேண்டுதலைப் பற்றி அவள் காதில் விழும் முன்னே ஊர்க்காதில் போடுவது அடுக்குமா? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

நாலரைக்கு யோகேஸ்வரி வந்தாள். அரிசி களைய உட்கார்ந்தவளிடம் போனை நீட்டினார்.

"என்னங்க, புதுசா? யாரு செத்தா?"

"கேளு."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். லெட்சுமணன் வாசற்படியில் நின்று தன் குரலையே கேட்டார். அவர் குரல் முடிந்தது. அவள் திட்டவில்லை, அழவுமில்லை. பானையிலிருந்த அரிசியை ஒரு தடவை களைந்து தண்ணீரைக் கொட்டினாள்.

"வாங்கும்போதே இருமுச்சு," என்றாள்.

"என்னா?"

"வாங்கும்போதே இருமுச்சுங்க. கம்பத்துக் கிராமத்துல விக்கிறவன் தூசுன்னான். நல்ல கிடாய்க்கு என்கிட்ட காசு இல்ல, நீங்க ஆஸ்பத்திரில கெடந்ததுல எல்லாம் செலவாயிருச்சு. இருமறதக் காட்டிப் பேரம் பேசி வெலயக் கொறச்சேன். உங்க உசுருக்கு நேந்த ஆட்டுக்கே பேரம் பேசிட்டேன். அப்புறம் வரிசையா செத்துச்சு. மழக் குளிருன்னு நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரியும், அது குளிரு இல்ல, சாமி கோவம். என்னாலதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"அதனாலதான் நீ கறி திங்கறதில்லையா? நான் வேண்டுதல்னுல்ல நெனச்சேன்!"

"வேண்டுதல் இல்ல. தண்டன."

ஐந்து வருடம். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே ஆட்டை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல். லெட்சுமணன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"இந்தா பாரு. வெலையக் கொறச்சதுக்குப் பழி வாங்கறதுக்கு முனியாண்டி என்ன கடை மொதலாளி தவுக்கேயா? இருமல்தான் கொன்னுச்சு. கட்டாம விட்டது நானு. வைத்தியரே சொன்னாரு."

"நெசமாவா? கோவம் இல்லையா?"

"கோவம்னா எம்மேலதான் வந்திருக்கணும். நான் கல்லு மாதிரி இருக்கேன்ல?"

"கல்லு மாதிரிதான் இருக்கீங்க, பேச்சும் அப்படித்தான் இருக்கு," என்றாள். சொல்லும்போதே உதடு கோணிச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இத அனுப்பாதீங்க. இதுல பாதிதான் இருக்கு. மீதிய நான் சொல்றேன்," என்றாள்.

அவள் எங்கே பேசுவாள், ஒரு நிமிடத்தில் திக்கி நிற்பாள் என்றுதான் லெட்சுமணன் நினைத்தார். அவள் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே கதை பேசுகிற மாதிரி பேசினாள். இருமின ஆட்டை வாங்கினதைச் சொன்னாள். மூக்கைத் தொட்டுப் பாருங்க, ஓட விட்டு மூச்சக் கேளுங்க, இருமினா ஓசியாக் குடுத்தாலும் வாங்காதீங்க என்றாள். அப்புறம் சொன்னாள்:

"சாமி ஆட்டத் தனியாக் கட்டக் கூடாதும்பாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கோயில்ல சாமி கூட்டத்தோடயா உக்காந்திருக்கு? தனிச் சன்னதியில இல்ல இருக்கு? அப்ப சாமி ஆட்டுக்கும் தனியா ஒரு எடம் போடுங்க. சுத்தமா கூட்டி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, வேப்பெல கட்டுங்க. ஒதுக்கி வெக்கிறதா நெனக்காதீங்க. ஒசத்தி வெக்கிறதா நெனைங்க. நோயின்னா ஊசியும் போடுங்க. நோயோட குடுக்கறதவிட அது மேலு."

லெட்சுமணன் போனை வாங்கிப் பதிவை நிறுத்தினார். மருந்து, மாத்திரை, வைத்தியர், பதினொரு பாடம் எல்லாவற்றாலும் முடியாததை இவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். தனிச் சன்னதி! எல்லாரும் தினம் பார்க்கிற விஷயம். கண்ணுக்கு முன்னால் இருந்தது. இதை அன்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரே. சந்தோஷமாக ஓடிப்போய்க் கம்பு நட்டிருப்பாரே.

"எங்கேந்துடி வந்துச்சு இது?"

"தெரியலங்க. பேசப் பேச வந்துச்சு," என்றாள் அவள், தானே கொஞ்சம் மிரண்டுபோய்.

இரண்டு பேர் குரலையும் சேர்த்து அன்று மாலையே சுபத்திராவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை, கிடாயோடு வந்த தங்கராஜுவைச் சுபத்திரா வாசலிலேயே நிறுத்திப் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டார். தங்கராஜு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு, "அந்தம்மா சொல்றது ஞாயந்தான். பாராங் கத்தி இருக்கா மேடம்?" என்று கேட்டு, நிலத்தின் அந்தக் கோடியில் தானே மூங்கில் வெட்டிக் கொட்டாய் போட்டாராம். வேப்பிலை மட்டுமில்லை, மாவிலைத் தோரணமும் கட்டினாராம்.

ஒன்பதாம் நாள் அந்தக் கிடாய் இருமத் தொடங்கியது. தங்கராஜுவே வைத்தியரைக் கூட்டி வந்து ஊசி போடச் சொன்னார். பலிக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் செத்தது. அவர் குளித்துவிட்டு வந்து, கோயிலில் சொல்லி, வேறு கிடாய்க்குத் தேடத் தொடங்கினார். இந்தத் தடவை மூக்கைத் தொட்டுப் பார்த்து.

நான்கு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணனும் யோகேஸ்வரியும் ஆயர் ஈத்தாம் வழியாகப் பத்து பாகாட்டுக்குப் போனார்கள். சுபத்திராவைப் போனில்தான் தெரியும். நெட்டையாக, கண்ணாடி போட்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு வந்து கும்பிட்டார். யோகேஸ்வரியின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

லெட்சுமணன் வேலி ஓரமாக நடந்தார். பதினான்கு ஆடுகள். ஒன்று சொறிந்துகொண்டிருந்தது. இரண்டு முட்டிக்கொண்டிருந்தன. மற்றவை படுத்து அசைபோட்டன. ஒன்றுக்கும் மூக்கு ஒழுகவில்லை. ஒன்றும் இருமவில்லை. அவர் வாங்கிய ஆடுகள் இல்லை, புல் போட்ட ஆடுகள் இல்லை, இன்றுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் அவையெல்லாம் நிற்பது அவர் வீட்டு அடுக்களையில் சொன்ன நாலு வார்த்தையின் மேல். வார்த்தை ஆட்டைத் தாங்குமா? தாங்குகிறதே. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை.

"என்ன மேடம், இவருக்குப் பேச்சே நின்னு போச்சு," என்றாள் யோகேஸ்வரி. "இதுக்கும் சேத்துக் காசு வாங்கிக்கலாம் போலருக்கு."

சுபத்திரா கொப்பியைக் கொண்டு வந்து விரித்தார். கடைசிப் பக்கங்களில் அந்தப் பதிவும் எழுதப்பட்டிருந்தது, லெட்சுமணன் பேசியது நீலத்தில், யோகேஸ்வரி பேசியது சிவப்பில். தலைப்பு மட்டும் எழுதாமல் இருந்தது.

"இது பன்னிரண்டாம் பதிவுதானே? அப்பிடி எழுதட்டோ?"

"இல்ல மேடம்," என்றார் லெட்சுமணன். "ஒண்ணுன்னு எழுதுங்க. இனிமே வாங்கற எல்லாருக்கும் இதான் மொதல்ல போவும். ஏற்கெனவே வாங்குன இருநூறு பேருக்கும் இன்னிக்கே அனுப்பச் சொல்றேன். மத்த பதினொண்ணையும் ஒவ்வொண்ணாப் பின்னால தள்ளிருங்க."

சுபத்திரா பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பி, அளவுகோலை வைத்து, பழைய எண்களை ஒவ்வொன்றாக நேர்கோட்டில் அடிக்கத் தொடங்கினார்.